மூன்றாவது கட்டத்தில் ஒரு புள்ளடி

சென்ற வாரம் தர்ஷிகா தொலைபேசியில் பேசினாள். பதுளையில் நான் வேலை பார்த்த, டெப் என்ற டேப்லட் பழுதுபார்க்கும் பிரிவில் எனக்குப் பிறகு சேர்ந்தவள் அவள்.

"அக்கா, புது டெப் வந்திருக்கு. பின்னுக்கு ஸ்க்ரூவே இல்ல. பசை வச்சி ஒட்டியிருக்காங்க. இனி நாங்க என்னத்த தெறக்கிறது?"

"பழுதானா?"

"வாங்கி பெட்டியில போடணுமாம். மேசையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. நீங்க நம்ம பழைய டெப்ப பத்தி எழுதித் தாங்களேன் அக்கா. பெறகு வாறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்திச்சின்னே தெரியாமப் போயிரும்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை. ஆனாலும் அந்த வேலைக்கு நான் திரும்பப் போவதில்லை; திரும்பினாலும் அந்த வேலை அங்கே இருக்காது. அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். இதை எழுதுவது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. சின்னவள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

முதலில் டெப்புக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதை வாசித்துவிட்டு அதைக் கூடாத பொருள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது நல்ல டெப்.

கடைகளில் கண்ணாடிக்குள் வைத்து விற்பவற்றோடு பார்த்தால் மிகவும் மலிவு. பெட்டியில் 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று போட்டிருந்தது. அது முழு உண்மை அல்ல. உள்ளே இருக்கும் பலகையும் திரையும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கூடு செய்தது, பொருத்தியது, தமிழ் எழுத்தும் பாடங்களும் ஏற்றியது ஆகியவை மட்டும் இங்கே. ஆனால் இங்கே செய்ததால் சில விஷயங்களை யோசித்துச் செய்ய முடிந்தது. பின்பக்கத்தில் நான்கு ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றினால் முழு டெப்பும் திறந்துவிடும். பற்றரி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போன் கடைகளில் தொங்கும் அதே பற்றரி. சாதாரண போன் சார்ஜர் போதும். பாடங்கள் உள்ளேயே இருந்ததால் சிக்னல் தேவையில்லை. பூனாகலைப் பக்கத்துச் சில தோட்ட டிவிஷன்களில் சிக்னல் வேண்டுமென்றால் பிள்ளைகள் மலை ஏறி நிற்க வேண்டும். அவர்களுக்கு அது பெரிய விஷயம். ஸ்பீக்கரின் சத்தமும் அதிகம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதும் பாடம் கேட்க வேண்டும் என்று சொல்லிப் போட வைத்தது.

குறைகளும் இருந்தன. கனம். கமரா மோசம். ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்குப் போவதற்குள் கொட்டாவி வந்துவிடும். டவுன் பிள்ளைகள் அதைத் 'தோட்டத்துச் செங்கல்' என்றார்கள். கவுண்டருக்கு வந்த ஒரு மாணவியிடம் டெப் எப்படி என்று கேட்டேன். "பாக்க லெச்சணமா இல்லதான் மிஸ். ஆனா கீழ விழுந்தா தரைதான் ஒடையும்" என்றாள்.

நான் ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். உயர்தரம் முடித்து, தொழிற்பயிற்சி முடித்து, ஒரு மாதம் மேசையில் கைவேலை பழகி, நிரந்தரமானேன். அந்த டெப்புகள் ஒரு திட்டத்தின் கீழ் தோட்டப் பாடசாலைகளின் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டவை. பழுதானவை கம்பனியின் பதுளைப் பிரிவுக்கு வரும். அவற்றைத் திறந்து காரணம் கண்டுபிடித்துப் படிவம் நிரப்புவது என் வேலை.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் டெப்பைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்ட வேண்டும். கழன்றது ஏதாவது இருந்தால் கேட்கும். பிறகு எங்கள் சார்ஜரில் பத்து நிமிடம். அப்போதும் உயிர் வராவிட்டால் துணி விரித்துக் கவிழ்த்து, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியில் வரிசையாக வைக்க வேண்டும். பிறகு டோர்ச் அடித்து, பற்றரிக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒட்டியிருக்கும் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். அது வெள்ளையாக இருந்தால் மேலே தேடலாம். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்தால் தேடுவதற்கு ஒன்றுமில்லை. படிவத்தில் மூன்று கட்டங்கள்: உற்பத்திக் குறை, மின்சாரக் கோளாறு, பாவனையாளர் கவனயீனம். சிவப்பு என்றால் மூன்றாவது கட்டத்தில் குறுக்குக் குறியாகப் புள்ளடி போட வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் புள்ளடி விழுந்தால் அந்த டெப் திருத்தப்படாது, திரும்பவும் போகாது. அழிப்பதற்கான பெட்டிக்குப் போகும். பிள்ளையின் பெயர் பாடசாலைக்கு அறிவிக்கப்படும். அந்த வீட்டுக்கு இன்னொரு டெப் கிடையாது.

எங்கள் பொறுப்பாளர் ஜெயசீலன் சேர். சத்தம் போட்டு ஒரு நாளும் பேசாத மனிதர். எல்லாப் பெண்களையும் 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு முடிவைச் சொல்ல வேண்டி வந்தால் வாயால் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தன் பேனையை எடுத்துப் படிவத்தின் மேல், அதன் முனை ஒரு கட்டத்தைப் பார்க்கும்படி வைப்பார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது புள்ளடி போடப்பட்டிருக்கும். அதன் கீழே இருக்கும் கையெழுத்து நம்முடையதாக இருக்கும். அந்தப் படிவங்களில் எங்குமே அவருடைய எழுத்தை நான் பார்த்ததில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மழைக்காலம். பூனாகலையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் செல்வமணி, கொழுந்து எடுப்பவர். மகள் நிரோஷினி, பதினோராம் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். டெப்பை ஒரு பூப்போட்ட துவாயில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். செல்வமணி அதை மேசையில் வைத்த விதத்தைப் பார்த்ததும், என் மகனை வீட்டில் நான் தொட்டிலில் இறக்குவது நினைவுக்கு வந்தது. அப்போது அவனுக்கு எட்டு மாதம்.

"பத்து நாளா கண்ணத் தொறக்கல மிஸ். கணக்குப் பாடம் இதுலதான் இருக்கு. இஸ்கூல்ல கணக்கு சேர் மாறிப் போயி மாசக் கணக்காச்சி, புது ஆளு வரல" என்றார் செல்வமணி. "இன்னிக்கே ஆக்கித் தருவீங்களா? நாளைக்கும் வந்தா நாளைக்கும் பேர் விழாது."

வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் பேருக்குப் பயந்து காய்ச்சலோடு மலைக்குப் போனவர்தான்.

ஆட்டினேன். சத்தமில்லை. சார்ஜரில் போட்டேன். உயிரில்லை. திறந்தேன். திறந்தவுடன் வாசனை வந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சி, மிலாறு, அடுப்பில் எரியும் வாசனை. என்னுடைய சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் இருக்கும் வாசனை. டோர்ச் அடித்தேன். புள்ளி நல்ல சிவப்பு.

"எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும்.

"பத்திரமாத்தான் மிஸ் வச்சிருந்தேன். அடுப்புக்கு மேல தட்டுல. பொறப்புப் பத்திரம், ஐடென்டி எல்லாம் அங்கதானே இருக்கு. காம்பராவுல வேற எங்க வச்சாலும் பனி ஊறுதே. இவ கீழ வச்சிட்டுப் போனாலும் நான் தூக்கி அங்க வச்சிருவேன்."

"அம்மா அதத் தொடக்கூட விடமாட்டாங்க மிஸ். கை கழுவிட்டு வான்னு சொல்லும்" என்றாள் நிரோஷினி.

லயத்தில் வாழாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒற்றை அறைக் காம்பராவில் மழைக்காலத்தில் காய்ந்து கிடக்கும் ஒரே இடம் அடுப்புக்கு மேலே இருக்கும் பலகைத் தட்டுத்தான். உப்பு, நெருப்புப்பெட்டி, பத்திரங்கள், எது கெடக்கூடாதோ அது அங்கே போகும். ஆனால் சோறு வேகும்போது கீழிருந்து ஆவி ஏறும். கடதாசி அதைத் தாங்கும். ஒரு புகை வாசனையோடு போய்விடும். டெப்புக்குள் இருக்கும் புள்ளி தாங்காது. அந்தத் தாய் அந்த வீட்டில் தனக்குத் தெரிந்த ஆகப் பாதுகாப்பான இடத்தில் அதை வைத்திருந்தார். அதற்கு என் படிவத்தில் கட்டமில்லை.

நான் ஜெயசீலன் சேரைக் கூப்பிட்டேன். அதையாவது செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"சேர், தண்ணி ஊத்தல. ஆவி. சார்ஜ் ஏத்துற இடத்துல கொஞ்சம் பச்சக் களிம்பு பூத்திருக்கு, அவ்வளவுதான். கழுவினா சரியாயிரும். இருபது நிமிசம் போதும்."

அவர் குனிந்து புள்ளியைப் பார்த்தார். செல்வமணியைப் பார்த்துப் புன்னகை செய்து, "தேத்தண்ணி குடிச்சீங்களா அம்மா?" என்று கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். பேனையைப் படிவத்தின் மேல் வைத்தார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. பகலில் மகனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாத்திமா ராத்தா.

"பிள்ளைக்கு ஒடம்பு சுடுது. பாலும் குடிக்கிறானில்ல. பயப்புட வேணாம், ஆனா வெள்ளன வாங்க."

பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் தொடங்கும். பேனையை எடுத்தேன். புள்ளடி போட்டேன். கையெழுத்து வைத்தேன். அந்தப் போன் வராவிட்டால் போட்டிருக்க மாட்டேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வேலை போனால் பால்மாவுக்கு என்ன செய்வது என்ற பயம் அதற்கு முதல் நாளும் இருந்தது, அடுத்த நாளும் இருந்தது. போனைச் சாட்டாக வைத்துக்கொள்ள விருப்பம்தான். முடியவில்லை.

படிவத்தின் பிரதியை நிரோஷினி வாசித்தாள். "அம்மா, கவனயீனம்னு போட்டிருக்கு" என்றாள்.

"அப்படின்னா?"

"நம்ம கவனமா வச்சிக்கலையாம்."

செல்வமணி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துவாயை மட்டும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப நாங்க வாறோம் மிஸ்" என்றார்.

அவர்கள் போன பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேசையில் நான் மட்டும் இருந்தேன். சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் அந்த டெப்பை எடுத்தேன். பழைய பல்தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு, பச்சை பூத்த இடத்தைத் தேய்த்தேன். மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சார்ஜரில் போட்டதும் வெளிச்சம் வந்தது. திரையில் அவள் பாதியில் விட்ட கணக்கு, ஒரு முக்கோணமும் பக்கத்தில் அவள் கையால் எழுதிய இரண்டு வரியும் இருந்தன.

எங்கள் டெப்பின் சிறப்பு அதுதான். ஒரு பல்தூரிகையால் அதை உயிர்ப்பிக்கலாம். நான் உயிர்ப்பித்தேன். ஆனால் அதன் இலக்கம் மூன்றாவது கட்டத்தோடு கணினியில் ஏறிவிட்டது. அவர்கள் பண்டாரவளை பஸ் ஏறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டெப்பை அணைத்து அழிப்புப் பெட்டியில் வைத்துவிட்டு, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு ஓடினேன். மகனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். மறுநாளே இறங்கிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு காரியம் செய்தேன். பரிசோதனைக்கு வைத்திருந்த இரண்டு புது டெப்புகளை, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லையில் எங்கள் லயத்துக்குப் போனேன். ஒன்றைத் துணியில் சுற்றி அடுப்புத் தட்டில் வைத்தேன். மற்றதைக் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியில் வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தேன். தட்டில் இருந்தது சிவப்பு. பெட்டிக்குள் இருந்தது இளஞ்சிவப்பு. இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் காம்பராக்களில் அந்தப் புள்ளி வெள்ளையாக இருக்கக்கூடிய இடமே இல்லை. குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்காக எங்கோ செய்த புள்ளி அது.

இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். ஜெயசீலன் சேர் முழுவதும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மகள். பேப்பருக்கே போடலாம்."

"அப்ப அந்த மூணாவது கட்டம், சேர்?"

"நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்க வீட்டுலயும் அந்தத் தட்டு இருந்திச்சி. அதுக்காக கம்பனியத் தூக்கி அடுப்பு மேல வைக்க ஏலாது."

"இதுவரைக்கும் போட்டதையாவது திரும்பப் பாக்கலாமே சேர். ஒரு பிள்ளைக்கு சோதின வருது. அவளோட டெப் வேல செய்யுது, பெட்டிக்குள்ள இருக்கு."

"ஒண்ணத் தெறந்தா எல்லாத்தையும் தெறக்கணும் மகள். எல்லாத்துலயும் உங்க கையெழுத்துத்தான் இருக்கு. யோசிச்சிப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் அதிகம் செய்த வேலை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே சோதனை வந்து முடிந்தது.

அறிக்கை மேலே போனது. அதில் என் பெயர் இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமுமில்லை. மேலே இருந்தவர்கள் அதை வாசித்துவிட்டு எடுத்த முடிவுதான் தர்ஷிகா சொன்ன பசை. ஈரம் உள்ளே போகாமல் ஒட்டிவிடலாம், புள்ளியை யாரும் பார்க்க வேண்டியதில்லை, தகராறு இல்லை. திருத்தவும் முடியாது. நான்கு ஸ்க்ரூவையும் டெப்பிலிருந்து எடுத்தது என்னுடைய இரண்டு பக்கம்தான் என்பதை அவளுக்கு நான் போனில் சொல்லவில்லை.

அழிப்புப் பெட்டியை ஏற்றிப் போக லொறி வருவதற்கு முதல் நாள், நிரோஷினியின் டெப்பை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். பட்டியலில் அதற்கு நேரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்த டெப்பைப் பற்றி நான் கையெழுத்திட்ட இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை விடச் சுலபமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் தூக்கிக்கொண்டு பூனாகலைக்குப் போனேன். லயத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். செல்வமணி பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க வந்ததைச் சொல்லத் தொடங்கியதும் தடுத்துவிட்டார்.

"நீங்க என்னா மிஸ் செய்வீங்க. கவனயீனம் எங்களோடதுதானே. பெத்தவங்க கூட்டத்துல பேர வாசிச்சாங்க, இவ அழுதுட்டா. நாந்தான் சொன்னேன், செஞ்ச பிழைய ஒத்துக்கணும்னு."

"இல்லம்மா. பிழ உங்களோடது இல்ல."

"எங்களோடதுதான் மிஸ். எழுத்துல இருக்கே."

நிரோஷினி உள்ளேயிருந்து வந்தாள். பெறுபேறு அப்போதுதான் வந்திருந்தது. எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் இல்லை. கணிதம் இல்லாமல் உயர்தர வகுப்புக்கு எடுக்க மாட்டோம் என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்களாம். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் டெப்பைக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். திரை வெளிச்சமானதும், பாதியில் விட்ட முக்கோணம் வந்தது. பக்கத்தில் இருந்த தன் இரண்டு வரியையும் விரலால் தொட்டு வாசித்தாள்.

"இது எப்ப மிஸ் சரியாச்சி?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"நீங்க வந்த அன்னிக்கே" என்றேன். "நீங்க போயி கொஞ்ச நேரத்துல. பகல் ரெண்டு மணிக்கு முன்னால."

அவள் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவளைப் போலத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு பஸ் பிந்திப்போச்சி மிஸ். நாங்க நாலு மணி வரைக்கும் பதுளை ஸ்டாண்டுலதானே இருந்தோம்?"